பிரித்துப் பின்னிய கம்பளி

முதலில் அந்தக் கம்பளிக் காலுறைகளைக் கழற்று, கைசு, நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். அறையில் வைக்காதே. விறகுக் கொட்டகையில் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு வா. வந்துவிட்டாயா? உனக்குக் கடவுளின் சமாதானம் உண்டாவதாக.

இங்கே நான் சுகம். பனி ஜன்னலில் பாதி உயரத்துக்கு ஏறிவிட்டது. நம் பசு மன்சிக்கி கிடாரிக் கன்று போட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கியார் வந்து ஏழு இலவங்கப்பட்டை ரொட்டி சாப்பிட்டார். எட்டாவதை, "இது எங்க வீட்டம்மாவுக்கு" என்று பையில் போட்டுக்கொண்டார். போகட்டும், தேவ ஊழியர்.

உன் கடிதத்தை ஐந்து தடவை படித்துவிட்டேன். நவம்பரில் நீ என்ன எழுதியிருந்தாய்? "அத்தை, சைக்கிள்ல ஆஸ்பத்திரி சமையலறைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள தொடை ரெண்டும் விறகுக்கட்டையாயிடுது. அடுப்புல செருகலாம்" என்று. அது பொறுக்காமல்தான் அவசர அவசரமாகத் தொடை வரைக்கும் பின்னி அனுப்பினேன். இப்போது குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து. இதில் கால் சுடுகிறது என்கிறாய். கழற்றிய பிறகும் யாரோ உள்ளங்கையால் முழங்காலைப் பொத்திப் பிடித்தது போலிருக்கிறதாம். கால் தானாகவே மிதிக்கிறது என்று சொன்னதற்கு அந்தத் தலைமைச் சமையல்காரி, "நீ சைக்கிள ஓட்டிட்டு வர்றியா, சைக்கிள் உன்னைக் கூட்டிட்டு வருதாடி?" என்று கேலி செய்தாளாம். நீயும் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கண்ணு.

பாலத்தில் ஏறாமல் உறைந்த ஆற்றின்மேல் சைக்கிளை இறக்கியிருக்கிறாய். பாதைக்கு அடையாளமாக நட்ட தேவதாருக் கிளைகளைத் தாண்டிப் போயிருக்கிறாய். முன்னால் கறுப்பாகத் தண்ணீர் தெரிந்த பிறகுதான் சுதாரித்தாயாம். பனியே விழாத காலையில் காலுறையின் முட்டிப் பக்கம் மட்டும் நனைந்திருந்ததாம். தூக்கக் கலக்கம் என்கிறாய். இல்லை.

"வீட்டில் கிடந்த கம்பளி" என்று எழுதினேனே, அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. அது உன் மாமா ஏமேலியின் கம்பளிக் கால்சட்டை. பத்தொன்பது குளிர்காலம் அதைப் போட்டுக்கொண்டுதான் சைக்கிளில் மர மில்லுக்குப் போனார். மாரடைப்பு என்று உன்னிடம் சொல்லியிருந்தோம், நீ அப்போது சின்னப் பெண். பிப்ரவரி மாதம் ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பியவர் ஏரிப் பனிமேல் இறங்கிவிட்டார். சைக்கிள் தடம் கிளை நட்ட வழியை விட்டு விலகி, நேராகத் தண்ணீரில் போய் முடிந்திருந்தது. அன்றைக்கே உடலைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டார்கள். குளிப்பாட்டிய பெண்கள் கால்சட்டையை என்னிடம் கொடுத்தார்கள். பெட்டியில் வைத்துவிட்டேன்.

இறந்தவர் கம்பளியைப் பிரிப்பதற்கு முன்னால் மூன்று உறைபனி இரவு வேலியில் தொங்கவிட வேண்டும். பலகை மாதிரி விறைத்து நிற்க வேண்டும். உடம்புச் சூட்டைக் குளிர் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் நூலில் கை வைக்கலாம். நம் வீட்டில் யாரும் இதில் தவறியதில்லை. ஆனால் அந்த வாரம் பார்த்து மழை. பனியெல்லாம் உருகி ஒழுகிற்று. நீயோ விறைத்துப்போகிறேன் என்கிறாய். பிரசங்கியாரைக் கேட்டேன். "கம்பளி கம்பளிதான், ஹில்யா. ஆட்டுக்கு ஆத்துமா கிடையாது. பின்னுங்க" என்றார். சௌனாவில், அந்த நீராவிக் குளியலறைச் சூட்டில், ஆவி காட்டி நூலைச் சுற்றினேன். உருண்டை மடியில் பூனை மாதிரி கதகதவென்று கிடந்தது. சௌனாச் சூடு என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. என் தப்புதான்.

புதன்கிழமை கடைத் தொலைபேசியில் உன் வீட்டுக்காரம்மாவைப் பிடித்தேன். "உங்க பொண்ணு இப்பல்லாம் அரை மணி முன்னாடியே கிளம்பிடுறா. பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்கறதில்ல. அங்க சமையல் பண்றாளா, சமையல்காரனைப் பாக்கறாளா?" என்றாள்.

நேற்று கல்லறைக்குப் போய்ப் பனியைத் தள்ளிவிட்டு உன் மாமாவோடு சண்டை போட்டேன். "அவ என் தம்பி பொண்ணு. அவ கால விடுங்க. உங்களுக்குத் துணை வேணும்னா நான் இருக்கேன், நேரம் வரும்போது வர்றேன்" என்றேன். உயிரோடு இருந்தபோது என் பேச்சை ஒருநாளும் தட்டாத மனிதர். விட்டுவிடுவார். அந்தத் தைரியத்தில்தான் ராத்திரி தூங்கினேன்.

இதோடு புது ஜோடி வருகிறது. இந்த வருடம் கத்தரித்த ரோமம். ஆட்டைத் தவிர யாரும் போட்டதில்லை. முட்டிக்கு மேல் செய்தித்தாளை நாலாக மடித்து வைத்து, அதன்மேல் கால்சட்டை போடு. காற்று அங்கேதான் முதலில் கடிக்கும். இறுக்கிக் கட்டாதே. முதல் மைல் மெதுவாக மிதி. வியர்த்தால் குளிரும். கால் சில்லிட்டால் சந்தோஷப்படு, அது உன் கால் என்று அர்த்தம். பழையதை மூன்று ராத்திரி வேலியில் போட்டு வை. பாலத்தில் மட்டும் போ. ஈஸ்டர் வரைக்கும் பனிமேல் கால் வைக்க மாட்டேன் என்று ஒரு வரி எழுதிப் போடு, என் தங்கமே. உன் காலடியைக் கர்த்தர் காப்பாராக.

உன் அத்தை,
ஹில்யா

ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். இப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் கல்யாணமாகி வந்த வருடம்தான் என் மாமியார் அந்தக் கால்சட்டையைப் பின்னினாள். இவ்வளவு நல்ல நூல் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "எங்க அண்ணன் போட்டிருந்தது, பிரிச்சேன். மீன் வலை பாக்கப் போனான், கிளை நட்ட வழிய விட்டு இறங்கிட்டான்" என்றாள். நேற்று நான் சண்டை போட்டிருக்க வேண்டிய ஆள் உன் மாமா இல்லையோ என்னவோ. அந்த அண்ணன் பேரை அவள் சொல்லவே இல்லை, கைசு.