ரேடியோ ஏலம் ஏழு மணிக்கு முடிகிறது

ஜெசிந்தா,

புளி கொள்முதலுக்குக் கல்வராயன் மலைக்குப் போகிறேன். அங்கே டவர் கிடைக்காது. குழம்பு அடுப்பில் இருக்கிறது.

உன் அப்பாவின் ரேடியோவை நான் பழைய சாமான்காரனுக்கு விற்றது என் தப்புதான். முந்நூறு சொன்னவனிடம் நானூறு வாங்கினேன் என்று பெருமை வேறு. "இன்னாத்துக்குய்யா வித்த?" என்றாய், அதோடு பேச்சு நின்று ஒன்பது நாள்.

அவன் அதை ஆன்லைன் ஏலத்தில் போட்டிருந்தான். மீட்கலாம் என்று நானும் ஏலத்தில் விலை கேட்டேன். எவனோ ஒருவன் விடாமல் ஐம்பது ஐம்பதாக ஏற்றினான். 'வியாபாரம் தெரியாத பயல்' என்று திட்டினேன். நேற்று உன் செல்லைச் சார்ஜில் போட்டபோது, "உங்கள் விலையே உச்சம்" என்று செய்தி வந்தது. அந்தப் பயல் நீதான்! கூடத்தில் நானும் அறையில் நீயுமாக விலையை ஆயிரத்து எண்ணூறு ஆக்கிவிட்டோம்.

இனி நான் ஏற்ற மாட்டேன். வேறு யாராவது நுழைந்தால் உடனே பாயாதே. ஆசையைக் காட்டினால் விலை ஏறும். உன்னால் முடிந்த உச்ச விலையைக் கடைசி நிமிடத்தில் ஒரே தடவை போடு. இரண்டாயிரம் என்று நிற்காமல் பதினேழு ரூபாய் சேர்த்துக்கொள். முழு எண்ணில் எல்லோரும் நிற்பார்கள்.

சாவி மீட்டர் பெட்டி மேல்.

சவரி

பி.கு.: நான் ஏற்றியதும் உடனே நீ ஏற்றுவாய். இந்த ஒன்பது நாளில் எனக்குப் பதில் வந்தது அங்கே மட்டும்தான். நீ என்று தெரியாமலே அதற்காகச் செல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.