உலர்பனியில் வந்த மூளைப் புரதம்

அக்கா,

குழாயில் ஒரு சொட்டுகூட முழுதாக இல்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன். பெட்டியைத் திறந்ததும் உலர்பனியின் வெண்புகை விலகியது. உள்ளே சுண்டுவிரல் அளவுக் குழாய், அதன் அடியில் உறைந்த ஒரு புள்ளி. சீட்டில் மனித மூளை என்று ஆங்கிலத்தில் இருந்ததைப் படித்ததும் கையை இழுத்துக்கொண்டேன்.

நான் இப்போது குவீன்ஸ்டவுன் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான்கள் கழுவுகிறேன். பார்சல் வந்தால் பிரித்துக் கொடுப்பேன்.

"யார் மூளையையும் வெட்டலம்மா," என்று ஆய்வாளர் மீரா மேடம் சிரித்தார். "வெட்டணும்னா முதல்ல நம்ம பாஸைத்தான் வெட்டியிருப்பேன். உள்ள ஒண்ணும் கிடைச்சிருக்காது."

அது மூளைச் செல்களின் மேல் இருக்கும் ஏற்பி என்ற புரதமாம். செய்தியை வாங்கிக்கொள்ளும் இடம். அதற்கான மனித மரபணுவை, விற்கும் நிறுவனம் வளர்க்கும் செல்களுக்குள் வைத்தால் அவையே இதைச் செய்து தருமாம். சிலருடைய உடம்பு தன் ஏற்பியையே எதிரி என்று தாக்குகிறது, அது ஏன் என்று பார்க்கத்தான் வாங்கியிருக்கிறார்கள். மேடம் அந்த நோயின் பெயரைச் சொன்னார். உன் டாக்டர் சொன்ன அதே பெயர்.

முன்பெல்லாம் தேக்கா சாப்பாட்டுக் கடைகளில் நான் வாய் திறக்காமல் நிற்பேன். "என் தங்கச்சி பேசமாட்டா லா, ஆனா நல்லா சாப்பிடுவா. ரெண்டு பரோட்டா போடுங்கண்ணே," என்பாய் நீ. அப்படி இருந்தவள் சில நாட்களில் மாறிப்போனாய். தூக்கம் போனது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி தந்த பாயசத்தை விஷம் என்று கொட்டினாய். என்னைக் காட்டி, "இவ என் தங்கச்சி இல்லம்மா. யாரோ இவ. வெளிய அனுப்பு," என்றாய்.

அம்மா கண்ணேறு என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். அப்பா காதல் தோல்வி என்றார். என்ன நோய் என்று தெரிந்தபோது நீ நினைவிழந்து கிடந்தாய். மருந்துக்கு உன் உடம்பு இணங்கவில்லை. கண் திறக்காமலே போய்விட்டாய்.

உன்னைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியிலிருந்து நின்ற நான் திரும்பப் போகவில்லை. அதுகூடப் பரவாயில்லை. நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது அந்த வார்த்தையாகப் போயிற்றே, அதுதான் ஆறவில்லை. நோய்தான் பேசியது என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனாலும் அதன்பிறகு யாரிடமும் 'எங்க அக்கா' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ இல்லையென்ற உறவை நான் எப்படிச் சொல்வது?

குழாயில் உறைந்திருந்தது பனிக்கட்டியின் மேல் மெல்ல உருகியது. உருக்கி உருக்கி உறைய வைத்தால் புரதம் கெட்டுவிடும் என்பதால், மேடம் அதைக் குட்டிக் குழாய்களில் பங்கிட்டார். நான் மூடிகளில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"இந்த ஏற்பி அடிபட்டா அந்த ஆளு பாவம்மா," என்றார் தலை நிமிராமல். "சிலர் பெத்த தாயையே யாரோன்னுவாங்க. அது வெறுப்பு இல்ல. ஆசையா இருந்த மனசு அப்படியேதான் இருக்கும், ஆளை அடையாளம் தெரியாது."

என் எழுத்து கோணிப்போனதை அப்போதுதான் பார்த்தார்.

"என்னம்மா? உங்க வீட்ல யாருக்காவது இருந்துச்சா?"

பேனாவை மூடினேன்.

"எங்க அக்காவுக்கு," என்றேன்.