கிணற்று நீச்சல்

பிப்ரவரி 3, திங்கள்

இவ்வளவு நேரம் கழித்து எழுத வந்ததற்கு மன்னிக்கவும். நம் குட்டி ஜெமி இப்போதுதான் தூங்கினாள். ஹால் லைட்டைப் போட்டால் அத்தை எழுந்துவிடுவார். சமையலறை மேடையில் டைரியை வைத்து, நின்றபடியே எழுதுகிறேன். எத்தியோப்பியாவில் உங்களுக்கு இன்னும் ஒன்பதுகூட ஆகியிருக்காது. சாப்பிட்டிருப்பீர்கள்.

மன்னிப்பு யாரிடம் கேட்கிறேன்? நீங்கள் இதைப் படிக்கப் போவதில்லை. போனில் பேச முடியாததை இதில் பேசிவைக்கிற பழக்கம், நீங்கள் விமானம் ஏறிய வாரத்திலிருந்து.

காலையில் நல்ல பனி. சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் எதிரே வருகிற வண்டி தெரியவில்லை. நீச்சல் குளத்தில் லேடீஸ் பேட்ச். தண்ணீர் ஐஸ். ஷமீமா படியில் நின்று ஒரு காலை விட்டாள், எடுத்தாள், விட்டாள், எடுத்தாள்.

"அரே, இது தண்ணியா இன்னா? பேஜாரா கீது. எஸ்தர், நீ மொதல்ல எறங்கு, நான் பாத்துட்டு வர்றேன்."

மாடி வீட்டுக்காரி. என்னை இதில் இழுத்துவிட்டதே அவள்தான். ரம்ஜான் நோன்பு ஆரம்பிப்பதற்குள் ரேஸ் வருகிறது என்று பெயர் கொடுத்தாள், என் பெயரையும் சேர்த்து.

ரேஸ் 23, ஞாயிறு. கடற்கரைச் சாலைப் பக்கம். உப்பங்கழியில் முக்கால் கிலோமீட்டர் நீச்சல், ஏறின ஈரத்தோடு இருபது கிலோமீட்டர் சைக்கிள், இறங்கியதும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். ட்ரையத்லானில் இதுதான் சின்னதாம்.

பயம்: தண்ணீருக்கு அடியில் தரை தெரியாதது. சைக்கிளில் கியர் மாற்றுவது. ஜெமிக்கு அன்றைக்கென்று காய்ச்சல் வருவது. எல்லோரும் போன பிறகு கடைசியாக வருவது.

நேற்றைய போன். கம்பெனி உங்களை இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறது. தோலுக்குக் கலர் ஏற்றுகிற ஃபினிஷிங் டிபார்ட்மெண்ட் முழுக்க உங்கள் கையில். மேனேஜர். 17ஆம் தேதி கையெழுத்து. போட்டால் இருப்பீர்கள். போடாவிட்டால் ஒப்பந்தம் முடிந்து 20ஆம் தேதி ஊரோடு வந்துவிடுவீர்கள், நாம் முதலில் பேசினபடி. ரேஸுக்கும் நிற்பீர்கள்.

"இன்னா சொல்றே எஸ்தர்?"

ஸ்பீக்கர் போட்டிருந்தது. அத்தை பக்கத்தில். உங்கள் குரலில் அப்படி ஒரு சந்தோஷம், ரிசல்ட் வந்த பையன் மாதிரி. "உங்க இஷ்டங்க" என்றேன்.

பால்காரருக்கு நாளை ஒரு பாக்கெட் ஜாஸ்தி சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 5, புதன்

ஆபீஸில் மூன்று ஷிப்மெண்ட் பேப்பர். இத்தாலிக்குப் போகிற ஷூவுக்கு ஜெர்மனி முகவரி அடித்துவிட்டேன். அனுப்புவதற்குள் பார்த்தேன். நல்லவேளை.

சாயங்காலம் மொட்டை மாடியில் உடை மாற்றும் பயிற்சி. ரேஸில் நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறுகிற நேரமும் கணக்கில் சேருமாம். ஷமீமா வாளித் தண்ணீரை என் தலையில் ஊற்றுவாள். நான் ஓடிவந்து துண்டு, சாக்ஸ், ஷூ, ஹெல்மெட். ஹெல்மெட் பட்டையை மாட்டாமல் சைக்கிளைத் தொட்டால் தப்பு. மூன்று தடவையும் தொட்டேன். ஜெமி ஹெல்மெட்டைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு கொடுக்க மாட்டேன் என்றாள்.

அத்தை துணி எடுக்க வந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"இன்னாடி இது, தீப்பிடிச்ச வூட்ல இருந்து ஓடுற மாதிரி?"

"பிராக்டீஸ் அத்தை."

"ஈரத் தலையோட சாக்ஸ் போடறதுக்கு ஒரு பிராக்டீஸா? எம் புள்ள சாம் கேட்டா சிரிப்பான்." பிறகு, படியில் இறங்கிக்கொண்டே: "அந்த நீச்சல் டிரஸ்ஸ வெளிக் கொடில போடாத. எதுத்த வூட்டு சார் காலைல பேப்பர் படிக்க மாடிக்கு வருவாரு."

பெட்ஷீட்டுக்கு அடியில் காயப் போடுகிறேன். காயவே மாட்டேன் என்கிறது.

சைக்கிள் உங்களுடையதுதான். எனக்கு எட்டவில்லை, சீட்டை இறக்கினோம். இறக்குவதற்கு முன் உங்கள் உயரத்துக்குக் கம்பியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வெயில், காற்று இல்லை. காவேரிப்பாக்கம் ஏரி. முதல் தடவையாகத் திறந்த தண்ணீர்.

கிளம்பும்போதே ஆரம்பம்.

"ஆராதனைக்கு வராம ஏரிக்குப் போறவள இப்பத்தான் பாக்குறேன். பாஸ்டர் கேட்டா இன்னான்னு சொல்றது?"

"மறுபடியும் ஞானஸ்நானம் எடுக்கப் போயிருக்கான்னு சொல்லுங்க அத்தை."

"வாய் மட்டும் ஜாஸ்தி." ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். பார்த்துவிட்டேன்.

ஏரியில் நாங்கள் ஒன்பது பேர். மோகன் சார்தான் நடத்துகிறார், ஆஸ்பத்திரியில் பிசியோ. கூட மீன் பிடிக்கிற ஒருவருடைய பரிசல், யாராவது தவித்தால் பிடித்துக்கொள்ள. எதிர்ப்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் மிதவை. அதைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும்.

நன்றாகத்தான் போனேன். மூச்சும் இரைக்கவில்லை. இவ்வளவு சுலபமா என்று நினைத்தேன். அப்போது பக்கத்தில் பரிசல்காரர் குரல்.

"எம்மா! இந்தாண்ட இன்னாத்துக்கு வர்றே? மெதவ அந்தாண்ட கீது!"

தலையைத் தூக்கினால் எதிரே கிளம்பின கரை. செருப்புகள். ஷமீமாவின் பிளாஸ்க். பெரிய வட்டம் ஒன்று போட்டுக் கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறேன்.

மோகன் சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "எங்கம்மா நீச்சல் கத்துகின?"

"கணியம்பாடி சார். எங்க கிணத்துல."

"அதானே பாத்தேன். இடக்கைப் பக்கம் செவுரு, செவுத்தப் பாத்தே மூச்சு. சுத்திச் சுத்தியே வந்த ஒடம்பு அது. ஏரில செவுரு யாரு வெச்சிக்கிறா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும். வட்டக் கிணற்றில் இடுப்பில் கேன் கட்டிப் பழகியது. வலப்பக்கம் மூச்சு எடுக்கவே எனக்குத் தெரியாது, அது இன்று வரை எனக்கே புரியவில்லை. குளத்தில் அடியில் கோடு இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறேன்.

இனிமேல் ஆறு கைவீச்சுக்கு ஒரு முறை முதலை மாதிரி கண்ணை மட்டும் மேலே தூக்கி எதிர்க்கரையில் ஒரு பனைமரத்தைப் பார்க்க வேண்டும். வலப்பக்கமும் மூச்சு எடுக்க வேண்டும். எடுத்தேன். அரை ஏரி வயிற்றுக்குள்.

சாயங்காலம் உங்களிடம் சொன்னபோது எவ்வளவு சிரித்தீர்கள். இருமல் வருகிற அளவுக்கு. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"கம்பெனிக்காரன் தெனம் கேக்குறான் எஸ்தர். புது ஸ்ப்ரே மெஷின் வருதாம். நான்தான் செட் பண்ணணுமாம்."

அத்தை: "ரெண்டு வருசம்தானே. ஜெமி ஸ்கூலுக்குப் போய் வர்றதுக்குள்ள ஓடிடும்."

நான் சமையலறைக்குப் போய்க் குக்கரைப் பார்த்தேன். குக்கரில் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

ராணிப்பேட்டை வரை சைக்கிள். ஷமீமா முன்னால், நான் பின்னால். கம்பெனி பஸ்கள் ஹாரன் அடித்தே தள்ளிவிடுகின்றன. ஒரு பஸ் ஜன்னலிலிருந்து பெண்கள் கை காட்டினார்கள். "அக்கா, மிதி மிதி!" பத்து நிமிஷத்துக்கு அதுவே பலம்.

தோல் கம்பெனிகள் ஆரம்பிக்கிற இடத்தில் அந்த வாசனை. ஷமீமா துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு வேகம் எடுத்தாள். நான் மெதுவாக்கினேன். உங்கள் யூனிஃபார்ம் சட்டையைத் தனி வாளியில் ஊறவைப்பேனே, வாசலிலேயே கழற்றுங்கள் என்று கத்துவேனே. முதல் வருஷம் அதற்காகவே இரண்டு நாள் பேசாமல் இருந்தோம். இப்போது நடுரோட்டில் பிரேக் பிடித்து மூச்சை இழுக்கிறேன்.

"பஞ்சரா?" என்று திரும்பி வந்தாள்.

"இல்ல."

முகத்தைப் பார்த்தாள். சைக்கிளை ஓரம் கட்டினாள். ஒரு டீக்கடை. சொல்லிவிட்டேன், 17ஆம் தேதி, மேனேஜர், எல்லாம்.

"நீ இன்னா சொன்னே?"

"உங்க இஷ்டம்னு."

"யா அல்லா. உன் இஷ்டம் இன்னா?"

"வரணும்."

"அத எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? நானா வந்து உன் கூட குடித்தனம் பண்ணப் போறேன்?"

டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிஸ்கெட் அவள் வாங்கினாள்.

எப்படிச் சொல்ல? பத்து வருஷமாக அடுத்தவன் கீழே வேலை செய்து, கலர் சரியாக வந்தால் அவனுக்குப் பெயர், வராவிட்டால் உங்களுக்குத் திட்டு. அதைப் பார்த்தவள் நான். இப்போது கிடைக்கிறதை வேண்டாம் என்று என் வாயால் எப்படி?

குதிகாலில் கொப்புளம். ஆம்பூரில் செகண்ட்ஸ் கடையில் வாங்கின ரன்னிங் ஷூ. கடைக்காரர் "எக்ஸ்போர்ட் பீஸ்மா, தையல்ல சின்ன டிஃபெக்ட், அவ்ளோதான்" என்றார். அந்தச் சின்ன டிஃபெக்ட் சரியாக என் குதிகாலில். ஷூ கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவள் ஷோரூமுக்குப் போய் முழு விலை கொடுப்பாளா? இந்த ஊரில் யாரும் கொடுக்க மாட்டார்கள். தேங்காய் எண்ணெய் போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 13, வியாழன்

நீச்சல் இல்லை. சைக்கிள் இல்லை. ஓட்டம் இல்லை. ஜெமிக்குக் காய்ச்சல், நேற்று ராத்திரியிலிருந்து. ஆபீஸுக்கு லீவு.

தொட்டுப் பார்ப்பது, தெர்மாமீட்டர், சிரப், ஈரத்துணி. தொட்டுப் பார்ப்பது. டாக்டர் வைரல் என்றார், மூன்று நாள் என்றார். நான் குளத்திலிருந்து ஈரத்தலையோடு வந்து தூக்குவதாலா? கேட்டேன். இல்லையாம். இருந்தாலும்.

அத்தை திட்டியிருந்தால் பரவாயில்லை. கஞ்சி வைத்தார், என் பங்குக்கும்.

மத்தியானம் நீங்கள் வீடியோவில் வந்தீர்கள். ஜெமி போனைத் தலையணையில் சாய்த்து வைத்து உங்களுக்குக் கஞ்சி ஊட்டினாள். ஸ்க்ரீன் முழுக்க கஞ்சி. நடுவில் உங்கள் பக்கம் நெட்வொர்க் போய்விட்டது. கறுப்பான ஸ்க்ரீனைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு சார்ஜ் போடு."

போட்டேன். சொருகிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தோம். தூங்குகிறவரை அந்த வயரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

காய்ச்சல் இல்லை. தோசை ஒன்றரை சாப்பிட்டாள். போதும் ஆண்டவரே.

பிப்ரவரி 16, ஞாயிறு

போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். அத்தைதான். "புள்ளைய நான் பாத்துக்கறேன், போய்ட்டு வா. போவாட்டி நாள் பூரா மூஞ்சத் தூக்கி வெச்சிருப்பே. பாஸ்டர்கிட்ட நானே சொல்லிக்கறேன்."

"இன்னா சொல்வீங்க?"

"முழுகிட்டு வர்றான்னு."

காவேரிப்பாக்கம். மேகம், கொஞ்சம் அலை. கொப்புளத்தில் பிளாஸ்திரி. மோகன் சார் என்னைப் பார்த்ததும், "வாம்மா கிணறு" என்றார். இனி அதுதான் பெயர் போலிருக்கிறது.

ஆறு வீச்சு, கண். ஆறு வீச்சு, கண். முதலில் பனைமரம் இடது பக்கமாக நழுவிப் போனது, நடுவுக்குக் கொண்டுவந்தேன். மறுபடியும் நழுவியது, கொண்டுவந்தேன். பாதியில் கீழே பச்சையும் கறுப்புமாக ஒன்றும் தெரியாத இடம். மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்து "கர்த்தாவே" என்று இரண்டு முறை சொன்னேன். பரிசல்காரர் கிட்டே வந்தார்.

"ஏறிக்கிறியாம்மா?"

"வேணாண்ணா."

"அப்ப போ. நான் இங்கதான் கீறேன்."

மிதவையைக் கையால் தொட்டேன். வழவழப்பாக இருந்தது. திரும்பினேன். பரிசல் தூரத்தில் இருந்தது, கூப்பிடத் தேவை வரவில்லை. முக்கால் கிலோமீட்டர், நேராக.

கரையில் ஏறினதும் ஷமீமா கட்டிக்கொண்டாள், கிள்ளினாள், கத்தினாள். எல்லாம் சரி. ஆனால் கண் அதையும் தாண்டிக் கரை முழுக்கத் தேடுகிறது. பைக் நிறுத்தின இடம் வரை தேடுகிறது. நீங்கள் ஆப்பிரிக்காவில் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்தானே? அது கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

சாயங்காலம் போன். நேராக நீந்திவிட்டேன் என்றேன். "சூப்பர் எஸ்தர்!" என்றீர்கள். பின்னால் யாரோ உங்களைக் கூப்பிட்டார்கள். அத்தை போனை வாங்கி, மேனேஜர்னா டை கட்டணுமா என்று கேட்டார். சிரித்தீர்கள். நாளை பத்து மணிக்குக் கையெழுத்து என்றீர்கள். "உன் மருமவகிட்ட குடும்மா." போன் என் கைக்கு வந்தது. நீங்கள் காத்திருந்த மாதிரி இருந்தது. எனக்கு அப்படித் தோன்றியது.

"சாப்டீங்களா?" என்று கேட்டேன்.

வேறு பக்கத்தில் எழுதுகிறேன்.

என்னங்க, கையெழுத்துப் போடாதீர்கள். வந்துவிடுங்கள்.

அந்த வேலை எவ்வளவு பெரியது என்று தெரியும். உங்களுக்கு எவ்வளவு ஆசை என்பதும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். ரேஸுக்காகக் கூப்பிடவில்லை. அதை நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் ஓடுவேன், கடைசியாக வந்தாலும் வருவேன். நீங்கள் இல்லாமல் சமாளிக்க முடியவில்லை என்பதும் இல்லை. சமாளிக்கிறேன். எல்லாம் நடக்கிறது. ஆனால் எனக்கு நீங்கள் வேண்டும். இந்த வீட்டில், இந்தப் பக்கத்து அறையில், கையெட்டும் தூரத்தில். இதை அத்தை எதிரில் ஸ்பீக்கரில் சொல்ல எனக்கு வரவில்லை.

படித்த பிறகும் அங்கேதான் இருக்க வேண்டும் என்று தோன்றினால், அதையும் நீங்களே என்னிடம் சொல்லுங்கள். கோபப்பட மாட்டேன் என்று எழுதினேன், அடித்துவிட்டேன். கோபம் வரும்.

இந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து இப்போதே அனுப்புகிறேன். எழுத்து கோணல்மாணல். தோள் வலி, அதனால்தான். காலையில் கம்பெனிக்குக் கிளம்புவதற்கு முன் பார்த்துவிடுங்கள். பார்த்ததும் பதில் போடுங்கள். சீக்கிரம் போடுங்கள், முழித்துக்கொண்டுதான் இருப்பேன்.