வானம் சிவந்ததற்கு ஐவி சொன்ன காரணம்

திருகோணமலை
15.9.1963

என் அன்பு மகள் ஐவிக்கு அம்மா எழுதுவது. மாதாவின் காவலில் இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம், லண்டன் குளிரில் நீயும் அப்படி இருக்க வேண்டும் எண்டுதான் ஒவ்வொரு நாளும் என் செபம். உன் அண்ணனின் சின்னவளுக்குப் பல் முளைத்துவிட்டது, முதலில் கடித்தது என்னைத்தான்.

உன் கடிதம் நல்ல நேரத்தில் வந்தது பிள்ளை. பொழுது பட்ட பிறகும் வானம் இரத்தமாய்ச் சிவந்து கிடக்குது எண்டு போன மாதம் எழுதினனான் தானே, அதைப் பார்த்துப் புயல் வரப்போகுது எண்டு பயந்து சம்மாட்டி இராசதுரை ஒன்பது நாளாய்த் தன் கரைவலையைப் போடவில்லை. மாரிக்கு முன் உழைக்கிற கடைசி நாட்கள், அவரின் வலை இழுக்கிற அண்ணன் வீட்டோடு இருபது வீட்டில் அடுப்பு ஒரு நேரந்தான் எரிந்தது. அப்போதுதான் உன் கடிதம். பங்குனியில் பாலித் தீவில் வெடித்த எரிமலையின் தூசி மேலே ஏறி எங்கள் வானத்துக்கும் பரவியிருக்கு, சிவப்பு அதனால்தான், அது புயலுக்கு அடையாளம் இல்லை, காற்றையும் கடலையும் பாருங்கோ எண்டு எழுதியிருந்தாய். வெயில் மங்கும், மழையும் மாறலாம் எண்டும் எழுதியிருந்தாய். அதாலோ என்னவோ, இரண்டு நாளில் காய்கிற கருவாடு இப்போது மூன்று நாள் எடுக்குது.

கடிதத்தைக் கரைக்குக் கொண்டுபோய் வாசித்தனான். உங்கட பெட்டை லண்டனில இருந்து எங்கட வானத்தைப் பாக்கிறாளோ அக்கா எண்டு இராசதுரை சிரித்தார். பார்க்கத் தேவையில்லை, அவள் வானிலை படிக்கப் போனவள் எண்டு சொன்னனான். அண்ணன் பேணாட் காற்றைப் பார்த்துவிட்டுத் தோணியைத் தள்ளினான், மற்றவர்களும் ஏறினார்கள். பிறகு, ஐந்தாம் வகுப்பு மட்டுமே படித்த நான் பிழையாய் வாசித்துப்போட்டேனோ எண்டு, தோணி திரும்பும்வரை புயலுக்கு அடையாளம் இல்லை எண்ட அந்த வரியை எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தபடி நிண்டனான்.

வலை நிறையக் கீரி மீனும் பாரை மீனும். கயிறு இழுத்தவருக்குத்தான் பங்கு எண்டது கரை வழக்கம். இராசதுரை ஒரு பங்கு கூட வைத்து, இது லண்டனில நிண்டு கயிறு இழுத்தவளுக்கு எண்டு அண்ணனிடம் கொடுத்துவிட்டார். உனக்கு அனுப்ப ஏலாது, அதனால் அயல் வீடுகளுக்கெல்லாம் உன் பேரைச் சொல்லித்தான் கொடுத்தனான்.

கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. மாதா உன்னை ஆசீர்வதிப்பா. கட்டைபறிச்சான் ஊர்க் கனகரத்தினம் அண்ணை வயல் விதைக்கக் காத்திருக்கிறார், மாரி மழை முந்துமோ பிந்துமோ எண்டு உன்னைக் கேட்கச் சொன்னவர். தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் தெரியாது எண்டே எழுது, அதையும் நான் கரையில் உரத்து வாசிப்பன்.

உன் அன்புள்ள அம்மா
திரேசம்மா