ஒரே ஆள், மூன்று பதில்

நவம்பர் 4, செவ்வாய்

மழை. நேற்றுத் துவைத்தது எதுவும் காயவில்லை. காலை ரயிலில் காயல்பட்டினம். நின்றுகொண்டே பயணம். முதுகு வலி.

மசாலா ஏற்றுமதி செய்யும் மீரான் காக்காவின் கிட்டங்கி, அதாவது சரக்குக் கிடங்கு. அண்ணனை இந்த ஊரில் காக்கா என்பார்கள். இனி மீ.கா. சரக்கு வாங்கி அனுப்புவது இவர். ஷார்ஜாவில் இறக்கி விற்பது இவர் தம்பி. என் பிஎச்.டி. ஆய்வே இதுதான்: கடல் தாண்டிய வியாபாரம் எந்த நம்பிக்கையில் நடக்கிறது. மூன்று வழியில் பார்க்கவேண்டும். வினாத்தாள், நேர்காணல், கூடவே உட்கார்ந்து கவனிப்பது. மூன்றும் ஒத்துப்போனால் முடிவு உறுதி என்பார் கைடு.

வினாத்தாள் போன மாதமே முடிந்தது. 'வெளிநாட்டுக் கூட்டாளியை நம்புகிறீர்களா?' மீ.கா.வின் டிக், 'முழுமையாக'.

இன்று நேர்காணல். பதிவு செய்யச் சம்மதித்தார். தம்பியோடு எப்படிப் பேசி முடிவெடுப்பீர்கள் என்று கேட்டேன்.

"பேசுததா? உம்மா மவுத்தானப்ப அடக்கத்துக்குக்கூட அவன் வரல. அதுலேர்ந்து எங்களுக்குள்ள பேச்சே கிடையாது, டீச்சர்."

"அப்போ வியாபாரம்?"

"அது பாட்டுக்கு நடக்குது."

வீடு வந்ததும் படுத்துவிட்டேன். நல்லவேளை, மாவு இருந்தது.

நவம்பர் 6, வியாழன்

மழை விட்டுப் புழுக்கம். மறுபடி கிட்டங்கி. ஓரமாக ஒரு நாற்காலி. மிளகாய் வற்றல் நெடி, ஓயாத தும்மல்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசைப் போன் அடித்தது. கணக்குப்பிள்ளை பிச்சையா அண்ணாச்சி எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். ஷார்ஜா தம்பி. கண்டெய்னர் எப்போது, எந்த வற்றலுக்கு அங்கே கிராக்கி, இதே பேச்சு. மீ.கா. எழுந்து வந்து போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை இல்லை. நடுவில் தம்பி இருமினார். மீ.கா. சட்டென்று பிச்சையாவைப் பார்த்தார்.

"சளியா மொதலாளி?" பிச்சையா, போனில்.

"ஆமா அண்ணாச்சி, ரெண்டு நாளா."

பேசி வைத்த பிறகும் மீ.கா. எழவில்லை.

வாசலில் பிச்சையா பைய சொன்னார்: "தெனமும் இப்படித்தான் டீச்சர். இவுக பக்கத்துல இருக்கது அவுகளுக்கும் தெரியும்."

நவம்பர் 8, சனி

விடைத்தாள் கட்டு அப்படியே. தொடவில்லை. கைடைப் பார்க்கப் போனேன்.

"பேப்பர்ல முழு நம்பிக்கை. பேட்டியில பேச்சே இல்லைங்காரு. நேர்ல பார்த்தா தினமும் போன். எதும்மா சரி?"

"மூணும் சார்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். ஒத்துப்போகாததுதான் விஷயம், இதையே மைய அத்தியாயமாக வை என்றார். அவர் சிரித்துப் பார்த்ததில்லை. திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம். டவுணில் இறங்கி அல்வா வாங்கினேன். வெகு நாளைக்குப் பிறகு பசி.

நவம்பர் 10, திங்கள்

வகுப்புக்குப் போகும்போது மீ.கா.விடமிருந்து போன்.

"டீச்சர், அன்னைக்கி ஏதோ வேதனையில சொல்லிட்டேன். அத எழுதிராதிங்க."

பேரை மாற்றிவிடுவேன் என்றேன்.

"பேரை மாத்தி? தம்பி ஷார்ஜாவுல, அண்ணன் இங்கன, மசாலா ஏவாரம். ஊர்ல யாருக்குத் தெரியாது? அவன் காதுக்குப் போச்சுன்னா அந்தப் போனும் நின்னுரும்."

வகுப்பில் என்ன நடத்தினேன், நினைவில்லை.

கைடு: "பேசிச் சம்மதிக்க வை. இவர எடுத்துட்டா அத்தியாயம் நிக்காது. வேற ஆளைத் தேடணும், இன்னும் ஒரு வருஷம்."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இன்னும் ஒரு வருஷமா?" அதற்கு மேல் கேட்கவில்லை. பாவம். எனக்கே அலுத்துவிட்டது.

நவம்பர் 11, செவ்வாய்

அழித்தேன். பதிவு, தட்டச்சு செய்தது, கவனிப்புக் குறிப்பு, எல்லாம். அழிக்குமுன் அந்தக் குரலை ஒரு தடவை கேட்கலாம் போல இருந்தது. கேட்கவில்லை. இங்கே எழுதியது எனக்கு மட்டும்.

கைடுக்கு இன்னும் சொல்லவில்லை. தலை பாரம். வாங்க: உளுந்து, சிவப்பு மை பேனா, தலைவலி மாத்திரை.

நவம்பர் 13, வியாழன்

மேகமூட்டம். நேரில் சொல்வதுதான் முறை என்று காயல்பட்டினம் போனேன்.

அழித்துவிட்டேன் என்றதும் மீ.கா. தலையாட்டினார். "டீ குடிங்க." பிச்சையா அண்ணாச்சி இல்லை. மகளுக்குப் பிரசவமாம், பாளையங்கோட்டையில்.

போன் அடித்தது. மீ.கா. பார்த்துக்கொண்டே இருந்தார். நின்றது. மறுபடி அடித்தது.

"நீங்க எடுங்க டீச்சர்."

எடுத்தேன். ஸ்பீக்கர் பொத்தான் எதுவென்று தெரியவில்லை. அவரே கை நீட்டி அழுத்தினார்.

"அண்ணாச்சியா?"

"அண்ணாச்சி இன்னைக்கு வரல. நான் டீச்சர். ஆராய்ச்சிக்கு வந்தவ."

போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"காக்கா இருக்காஹளா?"

மீ.கா.வைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"இருக்காங்க. பக்கத்துலதான்."

எழுந்து வெளியே வந்துவிட்டேன். டீ பாதியில். வாசல் படி இறங்கும்போது உள்ளே மீ.கா.வின் குரல்: "சொல்லு."

அதற்குப் பிறகு என்ன பேசினார்கள், தெரியாது. நிற்காமல் ஸ்டேஷனுக்கு நடந்தேன். ரயில் லேட்.