சிவப்பு மையில் அடித்த பெயர்

அன்புத் தம்பி ஞானமுத்து,

சண்டை முடிந்துவிட்டது. ஜப்பான்காரன் போய் வெள்ளைக்காரன் திரும்பி வந்துவிட்டான். கிள்ளானில் நம் வேதக்கோயில் மணி மறுபடி அடிக்கிறது. ரப்பர் தோட்டத்து ஆபீசில் அதே மேசை, பேரேடு எழுதும் அதே கிராணி நான். உன் மருந்தறையை இப்போது வேறொரு டிரஸ்ஸர் பார்க்கிறார். நல்ல கைராசியாம். உன்னை மாதிரி நோயாளிகளைத் திட்டுவதில்லை.

உன்னோடு போன முனியாண்டி சயாமிலிருந்து உயிரோடு வந்தான். காலரா கொட்டகையில் நீ கிடந்த கடைசி இரண்டு நாளை அவன்தான் சொன்னான். எப்படிச் செத்தாய் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஏன் போனாய் என்று சொல்லவில்லை.

நடந்ததை வரிசையாகவே எழுதுகிறேன். கிராணிக்கு வேறு விதமாக எழுத வராது.

சயாம் ரயில் பாதை போட நம் தோட்டத்திலிருந்து பன்னிரண்டு ஆள் வேண்டும் என்று ஜப்பான் அதிகாரி கேட்டான். பெயர் எழுத வேண்டியவன் நான். யாரை எழுதுவது? கோயில் டாப்பு, அதுதான் சபையார் பெயர்ப் பதிவு, என்னிடம் இருந்தது. அதில் பெயர் உள்ளவர்களை விட்டேன். கள் குடித்ததற்கும் தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்ந்ததற்கும் சிவப்பு மையில் பெயர் அடிக்கப்பட்டவர்களை எழுதினேன். டாப்பில் ஏறாத, லயத்துக் கூலி வீடுகளில் இருந்த ஆட்களையும் எழுதினேன். மனசாட்சி உறுத்தவே இல்லை. கர்த்தருடைய பிள்ளைகளைக் காப்பாற்றியதாகத்தான் நினைத்தேன்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, கிராணியாரே" என்று சபையார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

அந்த ஞாயிறு அசனம். அரிசிக்குப் பஞ்சம் வந்தும், சபையே ஒரு பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் அந்த விருந்தை நாம் விடவில்லை. வேதம் வாசிப்பது உன் முறை. நம் பாதிரி ஐயர் குறித்துக் கொடுத்த சங்கீதத்தை விட்டுவிட்டு நீ ஆமோஸ் தீர்க்கதரிசியை எடுத்தாய். மந்தை மேய்த்தவன், காட்டத்திப்பழம் பொறுக்கியவன். ஏழையைச் செருப்புக்காக விற்கிறவர்களின் பண்டிகையைக் கடவுள் வெறுக்கிறார் என்று பெரிய இடத்தில் போய்ச் சொன்னவன். இஸ்ரவேலரை அழைத்து வந்த கடவுள்தான் அவர்களுடைய பகைவர்களையும் அழைத்து வந்தார் என்ற இடத்தில் நிறுத்தி, என்னைப் பார்த்தாய். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

ஆராதனை முடிந்ததும் ஐயரின் அறைக்கு உன்னை இழுத்துப் போனேன்.

"சாப்பிடுற நேரம் பாத்து எதுக்குடா இதை வாசிச்சே?"

"அடிச்ச பேருங்கதான் போகணும்னா நானும் போறேண்ணே."

என் பேனாவைப் பிடுங்கி, டாப்பில் உன் பெயரைச் சிவப்பு மையில் அடித்தாய். "இப்ப எழுது" என்றாய்.

"பைத்தியமா ஒனக்கு? டிரஸ்ஸரை யாரும் கேக்கலையே!"

"அங்க சீக்கு வந்தா யாருண்ணே பாப்பா?"

நான் எழுதவில்லை. பட்டியலில் கடைசியாக இருந்த வேலுவின் பெண்டாட்டி அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. என் பையிலிருந்த பட்டியல் தாளை உருவி, அவன் பெயரை அடித்துவிட்டு நீயே உன் பெயரை எழுதினாய்.

அந்தத் தாளை நான் கிழித்திருக்கலாம். மை காயும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கொண்டுபோய்க் கொடுத்தேன். கிழித்தால் என்னை அனுப்பிவிடுவார்கள் என்ற பயம்தான், ஞானமுத்து. வேறு காரணம் இல்லை. மறுநாள் உங்களை லோரியில் ஏற்றி, பிரிக்பீல்ட்ஸ் வழியாகக் கோலாலம்பூர் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். நான் வழியனுப்ப வரவில்லை.

போன மாதம் மறுபடி அசனம் வைத்தோம். இலை போடுமுன் எழுந்து நின்று பன்னிரண்டு பெயரையும் வாசித்தேன். எழுதியவன் நான் என்றேன். உன் பெயர் எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. "அப்ப எல்லாருந்தானே பயந்து கெடந்தோம், இப்ப எதுக்குக் கிளறணும்?" என்று சபை மூப்பர் உட்காரச் சொன்னார். எனக்கு மனசு லேசானது. கொஞ்சம் பெருமைகூட வந்தது.

வாசலில் மாரியாயி நின்றிருந்தாள், உன்னோடு போய்த் திரும்பாத காளியப்பனின் மனைவி. "ஐயா, ஒங்க ஆளுங்ககிட்ட சொல்லிட்டீங்க. எங்க லயத்துக்கு வந்து சொல்லலையே" என்றாள்.

மறுநாளிலிருந்து வீடு வீடாகப் போனேன். ஒருத்தி குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். ஒருத்தி கதவைச் சாத்தினாள். முனியாண்டி மட்டும் எனக்குப் பாய் விரித்தான். மாரியாயி முழுவதையும் கேட்டுவிட்டு, "எங்க வூட்டுக்காரர் பேரை எத்தனாவதா எழுதினீங்க?" என்றாள். முதலாவது என்றேன். "ஏன்?" என்றாள்.

பதினோரு வீடு முடிந்தது. பன்னிரண்டாவது நம் வீடு.

"எம்புள்ள தானாப் போனான்" என்று அம்மா வருவோர் போவோரிடமெல்லாம் சொல்கிறாள். எனக்குச் சோறு போடும்போது, "நீயாவது மிஞ்சுனியேப்பா" என்று தலையைத் தடவுகிறாள். மற்ற பதினோரு வீட்டுக்கும் நடந்த கால் இந்த அடுப்படிக்கு மட்டும் நடக்க மாட்டேன் என்கிறது.

இந்தக் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசல் பலகையில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். அம்மா எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவாள். அதற்குமுன் என் வாயால் சொல்லிவிடுவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. சாப்பிட வரச்சொல்லி அம்மா கூப்பிடுகிறாள். அவள் சோறு போடுமுன்னே சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தாளைக் கிழிக்காத உன் அண்ணன்,
ஆசீர்வாதம்