மைதானத்தை விட்டுப் போன சைக்கிள்

மகன் ஒரு சைக்கிள் வாங்கி வந்து மாடி வராந்தாவில் போட்டிருக்கிறான். அதற்குச் சக்கரம் கிடையாது. சீட் உண்டு, கைப்பிடி உண்டு, மிதிகட்டை உண்டு, போவதற்குத்தான் வழியில்லை. சர்க்கரைக்கு நல்லது, தினமும் அரை மணி நேரம் மிதிக்கச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொன்னாராம். எதிரே திருப்பரங்குன்றம் மலை. காலையில் ஏறி உட்கார்ந்து மிதிக்கிறேன். மலையும் நகர்வதில்லை, நானும் நகர்வதில்லை. நேற்று மிதித்துக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் கூத்தை நீ பார்த்தால் என்ன சொல்வாய் என்று நினைத்தேன். உடனே சிரிப்பு நின்றுவிட்டது.

இது உன் தொழில் அல்லவா. ஊர் ஊராகப் போய், ஏதாவது ஒரு மைதானத்தில் வட்டம் போட்டு, ஏழு நாள் இராப்பகலாகச் சைக்கிளை விட்டு இறங்காமல் சுற்றுகிறவன் நீ. வட்டத்துக்கு நடுவில் மைக் பிடித்துக் கத்துகிறவன் நான். சாப்பாடு சைக்கிள் மேல், குளியல் சைக்கிள் மேல், சவரம்கூட அங்கேதான். மற்ற சங்கதிகளை எப்படிச் சமாளிக்கிறாய் என்று பையன்கள் என்னைத் துளைத்தெடுப்பார்கள். அதை இப்போதும் நான் யாரிடமும் சொல்வதாக இல்லை. "அண்ணனோட காலு இன்னும் தரையில படல, நல்லாப் பாத்துக்கங்க" என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிடும். என் பெயரை நீ ஒருநாளும் சொன்னதில்லை. மைக்கு என்றுதான் கூப்பிடுவாய். கடைசி நாள் முடிவில் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்துவார், மாலை போடுவார், கைத்தாங்கலாக உன்னை இறக்குவார். எல்லா ஊரிலும் அதுதான் முறை. நீயாக இறங்கி நான் பார்த்ததே இல்லை.

போடியில் சுற்றியபோதுதான் செல்வி வந்தாள். அத்தை வீட்டுக்கு வந்திருந்தவள். நீ குளிப்பதற்காகப் பெண்கள் குடத்தோடு வரிசையாக நின்று, நீ கடக்கிற நேரம் பார்த்துத் தண்ணீரை வீசுவார்கள். அவள் வீசியது மட்டும் உன்மேல் விழவே விழாது. நீ தாண்டிப் போனபிறகு வெறும் மண்ணில் ஊற்றிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள். கடைசி நாள் நீயே வேகத்தைக் குறைத்துக்கொண்டு போனாய். ஒரு குடம் தண்ணீரும் உன் தலையில் இறங்கியது. எந்நேரமும் துறுதுறுவென்று இருக்கிற நீ அன்று முழுக்கத் தலையைத் துவட்டாமலே சுற்றினாய்.

உனக்கென்று பெரியவர்கள் யாரும் இல்லாததால் பெண் கேட்க நான் போனேன். செல்வியின் அப்பா போடிமெட்டில் ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றில் காவலாளி. மலை உச்சியிலேயே வீடு. வெற்றிலை பாக்கை வைத்துவிட்டு, மைக் இல்லாமலே உன் புகழ் பாடினேன். மனிதர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "தம்பியக் குத்தம் சொல்லல. ஆனா ஏழு நாளு ஓட்டியும் கெளம்புன எடத்துலதான நிக்கிறாரு? எம்புள்ளைய எங்கிட்டுக் கூட்டிட்டுப் போவாரு?"

வைத்த வெற்றிலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பஸ் பிடித்து ஊர் வந்தேன்.

சிம்மக்கல்லில் டீக்கடை வாசலில் வைத்து உன்னிடம் இதைச் சொன்னேன். நீ எழுந்தாய், உட்கார்ந்தாய், மறுபடி எழுந்தாய். டீயைப் பாதியில் வைத்துவிட்டு ரோட்டைக் கடந்து போய்த் திரும்பி வந்தாய்.

"இங்கேருந்து அவரு வாசலுக்கு ஓட்டுறேன் மைக்கு. ஒரே நாள்ல. காலு தரையில படாது. நீயும் வா."

"நான் எதுக்கு மாப்ள?"

"பாத்தேன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்ல."

ஆனி மாதம். விடிவதற்கு வெகு நேரம் முன்பே கிளம்பினோம். நாகமலை தாண்டி, செக்கானூரணி தாண்டி வெளுத்தபோதுதான் உன் சைக்கிளின் லட்சணம் எனக்குத் தெரிந்தது. வருஷக்கணக்கில் இடது பக்கமாகவே சுற்றிய உடம்பு. நேர்ச்சாலையில் விட்டால் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. கொஞ்சம் அசந்தால் ஓரத்துப் பள்ளத்துக்குள் இறங்கப் பார்க்கிறாய். திட்டிக்கொண்டே கைப்பிடியை நேராக்குகிறாய். "எம்புட்டு நேராக் கெடக்கு பாரு. ஒரு வளைவு வேணாம்?" என்று ரோட்டோடு சண்டை போட்டாய். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

உசிலம்பட்டிக்கு அப்பால் மரம் இல்லை, மாடு இல்லை. உடைமுள்ளும் செம்மண்ணும் வெயிலும்தான். மேற்கே இருந்து காற்று முகத்தில் மண்ணை அள்ளி அடித்தது. வாயைத் திறந்தால் பல்லில் நறநற. ஆண்டிபட்டிக் கணவாய் ஏறுவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கணவாய் தாண்டி ஒரு டீக்கடை வந்ததும் சைக்கிளைப் போட்டுவிட்டுப் பெஞ்சில் படுத்தேன்.

நீ படுக்கவில்லை. கடையைச் சுற்ற ஆரம்பித்தாய். இடது பக்கமாக, அதே பழைய வட்டம். உனக்கு ஓய்வு என்றால் அதுதான். சுற்றி வருகிற உன் கையில் கடைக்காரர் டீ கிளாஸைக் கொடுத்தார், அடுத்த சுற்றில் காலி கிளாஸை வாங்கிக்கொண்டார். பக்கத்துக் காட்டிலிருந்து நாலு பேர் வந்து கூடினார்கள். கூட்டத்தைக் கண்டால் எனக்கு வாய் சும்மா இருக்காதே. எழுந்து நின்று, "அண்ணனோட காலு இன்னும்..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

"வாய மூடு மைக்கு. இது வித்தை இல்ல" என்றாய். நீ என்னைக் கடிந்து பேசியது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு வட்டத்தை உடைத்துக்கொண்டு நேராக ரோட்டில் ஏறினாய். எனக்குச் சுருக்கென்று இருந்தது. டீக்குக் காசு கொடுத்தேனா என்று தெரியாமல் பின்னாலேயே ஓடி வந்தேன்.

தேனி, போடி, அப்புறம் முந்தல். அங்கிருந்து மலை. கியர் இல்லாத கட்டைச் சைக்கிளில் அந்த ரோட்டில் யாரும் ஏற மாட்டார்கள், தள்ளிக்கொண்டுதான் போவார்கள். நான் தள்ளினேன். நீ சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தாய், ரோட்டின் அகலம் முழுவதும் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாகக் கோணல்மாணலாக வளைந்து ஏறினாய். என் நடையும் உன் ஓட்டமும் ஒரே வேகம். பக்கத்தில் நடந்துவந்த எனக்கு உன் மூச்சு கேட்டது. இடது பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவு வந்தால் உன் முகம் தெளியும். வலது பக்கம் திரும்புவது வந்தால் பல்லைக் கடிப்பாய். ஒரு வளைவில் சைக்கிள் சாயப் பார்த்தபோது நான் கை நீட்டினேன். "தொடாத" என்றாய். கீழே நாம் வந்த பொட்டல் முழுவதும் சாயங்கால வெயிலில் கிடந்தது. நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேலே போய்ச் சேர்ந்தபோது மேகம் ரோட்டில் இறங்கியிருந்தது. கிட்டங்கிக்குப் பக்கத்தில் வீடு. வாசலில் கொஞ்சம் வெட்டவெளி. உள்ளே நுழைந்தாய். நுழைந்ததும் என்ன செய்தாய்? சுற்ற ஆரம்பித்தாய்.

செல்வியின் அப்பா வெளியே வந்து நின்று பார்க்கிறார். எதற்காக அந்த மனிதர் பெண் தரமாட்டேன் என்றாரோ அதையே அவர் வாசலில் செய்துகொண்டிருக்கிறாய். "எறங்கு மாப்ள, எறங்கு" என்று நான் பல்லுக்குள் சொல்கிறேன். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. என்னைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பாமல் சொன்னாய்: "எப்புடி எறங்குறதுன்னு தெரியல மைக்கு."

உன் கண்ணில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்த ஊரிலும் நீ இறங்கியதில்லை, உன்னை இறக்கித்தான் விட்டிருக்கிறார்கள். நான் ஓடி வருவதற்குள் அவர் படியிறங்கி வந்துவிட்டார். உன் வட்டத்துக்குக் குறுக்கே போய் நின்று, இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்தார்.

"வீடு வந்துருச்சு தம்பி. எறங்குங்க" என்றார்.

அவ்வளவுதான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நீ காலை ஊன்றினாய். அது நிற்கவில்லை, மடிந்து அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாய். செல்வி உள்ளேயிருந்து குடத்தோடு வந்து உன் பாதத்தில் தண்ணீர் ஊற்றினாள். இந்தத் தடவை குறி தப்பவில்லை. நீ அழுதாய், நானும் அழுதேன்.

மறுநாள் நான் மட்டும் இறங்கினேன். இறக்கத்தில் பிரேக் தாங்காது என்று அவர் ஒரு மரக்கிளையை வெட்டி என் சைக்கிளின் பின்னால் கட்டிவிட்டார். அது ரோட்டில் உரசிக்கொண்டே முந்தல் வரை வந்தது. உன் சைக்கிள் அவர்கள் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டது. நீ ஜீப் ஓட்டப் பழகினாய், காலையில் கீழே போய்ச் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பினாய். நான் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஜவுளிக்கடைக்கும் கட்சிக்கும் மாசி வீதிகளைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சந்தோஷப்பட வேண்டியவன், உன் கல்யாணப் பந்தியில் சோறு இறங்காமல் எழுந்து வந்தேன்.

நீ போய்ச் சேர்ந்த செய்தியைச் செல்விதான் போனில் சொன்னாள். கடைசி நாட்களில் நினைவில்லாமல் கிடந்தாயாம். ஆனால் போர்வைக்குள் கால் இரண்டும் மிதித்துக்கொண்டே இருந்ததாம். நர்ஸ் கட்டிப் போட வேண்டும் என்றாளாம். செல்வி விடவில்லை. "ரெண்டு பாதத்தையும் புடிச்சுக்கிட்டு, எங்கப்பா சொன்னதையே சொன்னேண்ணே. வீடு வந்துருச்சு, எறங்குங்கன்னேன். நின்னுருச்சு" என்றாள்.

இந்த வராந்தா சைக்கிளில் அரை மணி நேரம் முடிந்ததும் டிங்கென்று மணி அடிக்கிறது. என் வீட்டில் யாருக்கும் இந்தக் கதை தெரியாது. மணி அடித்த பிறகும் நான் மலையைப் பார்த்து மிதித்துக்கொண்டே இருக்கிறேன், யாராவது வந்து கைப்பிடியைப் பிடிப்பார்களா என்று.